எண்ணூறு அடி எலும்பு

மழை பிடித்துவிட்டால் போர்வெல் வண்டிக்கு வேலை இருக்காது. அப்போதுதான் காரிமங்கலம் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வருவேன். போன மழைக்கு வந்தபோது, ஏழாவது படிக்கும் என் மகள், "டீச்சர் நீளமான கயிறு கேட்டாங்கப்பா. நீயே எடுத்துக்கிட்டு வா" என்றாள். நான் எட்டாவதோடு நின்றவன். பள்ளிக்கூடத்துக்குள் நுழையவே கூச்சம். ஆனாலும் மோட்டார் இறக்கும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

டீச்சர் மைதானத்தில் கயிற்றை நீட்டி, நாற்பத்தாறு மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் பிள்ளைகளை நிறுத்தினார். ஒரு மீட்டர் பத்துக் கோடி வருடம். அந்த முனையில் பூமி பிறக்கிறது, இந்த முனையில் நாம் நிற்கிறோம். மீன், மரம், டைனோசர் என்று எழுதிய அட்டைகளைக் கிளிப்பில் மாட்டினார்கள். எல்லாம் எங்கள் முனையிலேயே வந்து நெருக்கியடித்தன. மனிதன் அட்டைக்கு இடமே இல்லை.

என் மகள் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தாள். நான் கொடுத்தது. அரூர் பக்கம் ஓட்டிய போரில், எண்ணூறு அடியில், சேற்றோடு வந்து விழுந்தது. விரல் மாதிரி வளைந்திருந்தது. "பழைய மிருகத்தோட எலும்புடா" என்றார் எங்கள் வண்டியில் துளை போடும் டிரில்லர். நம்பினேன். ஊர் ஊராகச் சுற்றுகிறவன் மகளுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேறென்ன இருக்கிறது?

"டைனோசர் எலும்பு டீச்சர். எங்கப்பா எடுத்தது" என்று டைனோசர் அட்டைக்குக் கீழே வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றார் டீச்சர்.

சொன்னேன். துளைக்கும் ராடு பூமிக்குள் இறங்க இறங்கக் காலம் பின்னால் போகும் என்று கையை ஆட்டி விளக்கினேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். எனக்குப் பேச்சு பிடித்துப்போனது.

ஒரு பையன் குனிந்து பார்த்தான். "டேய், இது வெங்கச்சாங்கல்லுடா! எங்க கொல்லையில வண்டி வண்டியா கெடக்குது. அவ்ளோவும் டைனோசரா?"

ஒரே சிரிப்பு. டீச்சர் அதட்டினார். என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "நம்ம பக்கம் மேல தெரியற பாறையே இருநூத்தம்பது கோடி வருசத்துக்கு முந்தினதுங்க. எத்தனை அடி போனாலும் அதே பழைய பாறைதான். அது உண்டானப்போ எலும்புள்ள உசுரே கெடையாதுங்க."

அந்தக் கல்லை நானும் சின்ன வயதில் காலால் எத்தி விளையாடியவன்தான். ஆழத்திலிருந்து வந்ததால் எனக்கு எலும்பாகத் தெரிந்திருக்கிறது. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கயிற்றைச் சுருட்டப் போனேன். "இன்னும் முடியலைங்க" என்றார் டீச்சர். கையை எடுத்துக்கொண்டேன்.

டீச்சர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருந்த மகள் கல்லோடு கயிற்றோரம் நடந்தாள். எங்கள் முனையிலிருந்து இருபத்தைந்தாவது மீட்டரில் அதை வைத்துவிட்டு வந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் கேட்டாள்: "போர் போடப் போனப்போ ராஜஸ்தான்ல ஒட்டகத்து மேல ஏறினேன்னு சொன்னியே, அது நெசமா?"

"நெசந்தாம்மா."

"ம்" என்றாள்.

ஏறியது உண்மைதான். அழுத்திச் சொல்லலாமென்று வாயெடுத்தேன். மைதானத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசியது நினைவுக்கு வந்தது. கயிற்றைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தேன்.