இங்கிலீஷ் கீரையும் சரோஜாக்காவும்

ஈரத் தென்னை நார்த்தூளும் பாச்சை உருண்டையும் கலந்தால் என்ன வாடை வரும் என்று கேட்டால் எனக்கு உடனே சொல்லத் தெரியும். மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த "போர்ஷன்" வீட்டின் உள்ளறை, நான் ஏழாவது படித்த வருஷத்துக் கார்த்திகை மாதம் முழுக்க அப்படித்தான் இருந்தது. அங்கே பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் பழைய போர்வை ஒன்றையும் தொங்கவிட்டு, அம்மா நாற்பது காலிப் பால் பாக்கெட்டுகளில் நார்த்தூளை நிரப்பி, சாலட்டில் பச்சையாகப் போடும் லெட்டூஸ் வளர்த்தாள். நாங்கள் அதை "இங்கிலீஷ் கீரை" என்றுதான் சொன்னோம், அதுவும் குரலைத் தாழ்த்தி.

நகரத்தில் பெரிய ஓட்டல் ஒன்றில் சமையல்காரராக இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், விதையைக் கொடுத்துவிட்டு, "ஊட்டியிலேர்ந்து வர்றது பாதி வழியிலேயே வாடிடுது. நீ நல்லா வளத்துக் குடு, பொங்கலுக்கப்புறம் உன்கிட்டயே வாங்கச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அது சாதாரணப் பேச்சாக இல்லை. சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் ஒன்பது வருஷம் மிஷினில் உட்கார்ந்திருந்தவளை, அந்த ஆடியில்தான் ஆள்குறைப்பு என்று சொல்லி நிறுத்தியிருந்தார்கள். அன்றிலிருந்து மத்தியானத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கீரை பிழைத்தால் அம்மாவும் பிழைத்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது; இன்றைக்கும் அது மிகையாகப் படவில்லை.

ஒளித்து வளர்த்ததற்குக் காரணம் பக்கத்துப் போர்ஷன் சரோஜாக்கா. அதே கம்பெனியில் அம்மாவுக்கு அடுத்த மிஷின் அவளுடையது. அம்மாவை நிறுத்தினார்கள், அவளை நிறுத்தவில்லை. "அவதான் போட்டுக் குடுத்திருக்கா" என்பது அம்மாவின் முடிவு. அதற்குச் சாட்சி ஏதும் கிடையாது, தேவைப்படவும் இல்லை. சரோஜாக்கா தோசைமாவு கேட்டு வந்தால் வேவு பார்க்க வந்தாள். வராவிட்டால் முகத்தில் முழிக்கத் தைரியமில்லை. நானும் சளைத்தவளில்லை. உள்ளறைக் கதவிடுக்கில் என் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன், வந்ததும் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். தினமும் அறுந்துதான் இருந்தது. தண்ணீர் தெளிக்க அம்மாவே நாலு தடவை உள்ளே போய்வருகிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

நாற்று முளைத்தது. முளைத்து, நூல் மாதிரி நெடுநெடுவென்று நீண்டது. உச்சியில் வெளிறிப்போய் இரண்டே இலை. இரண்டாம் வாரம் ஒவ்வொன்றாகச் சாய்ந்து படுக்கத் தொடங்கின. "கண்ணு பட்டிருச்சு" என்றாள் அம்மா. சாத்திய ஜன்னல் வழியாக எந்தக் கண் படும் என்று நான் கேட்கவில்லை, எனக்கும் அதே சந்தேகம்தான். உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து நாற்பது பாக்கெட்டையும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். வந்தது, இரண்டு போர்ஷனும் சேர்ந்து இருமும் அளவுக்கு வந்தது.

இருமிக்கொண்டே ஓடிவந்த சரோஜாக்கா, நாங்கள் தடுப்பதற்குள் புகை போகட்டும் என்று உள்ளறைப் போர்வையை விலக்கி ஜன்னலைத் திறந்துவிட்டாள். பிறகு கீழே பார்த்தாள்.

"இன்னாக்கா இது, நாத்த ஜெயில்ல போட்டு வச்சிகினு கீற? வெளிச்சத்த தேடித்தான் இப்டி நெட்டையா போவுது. எங்கப்பாரு படப்பையில கத்திரி நாத்து வுட்டவரு, எனக்குத் தெரியும். வேற கப்புல, கழுத்து வரைக்கும் மண்ணுல பொதச்சி வையி. மொதல்ல காலை வெயிலு மட்டும் காட்டு. தெனம் ஒரு தபா கையால தடவிக் குடு, தண்டு கெட்டியாவும்."

அவள் போனதும் அம்மா, "கழுத்து வரைக்கும் பொதைக்கணுமாம். உசுரோட சமாதி கட்டச் சொல்றா" என்றாள். ஆனால் கைவசம் வேறு யோசனையும் இல்லை. கடைசியில் இருபதை மட்டும் சரோஜாக்கா சொன்னபடி, பிளாஸ்டிக் கப்புகளின் அடியில் ஓட்டை போட்டு, இலை மட்டும் வெளியே தெரியப் புதைத்து, பின்பக்கம் துணி துவைக்கும் கல்லோரம் வைத்தாள். மீதி இருபதை உள்ளறையிலேயே விட்டுவைத்தாள். அவள் சொன்னது சதியாக இருந்தால் இதுவாவது மிஞ்சட்டும் என்று. உள்ளே இருந்த இருபதும் ஒரே வாரத்தில் அழுகின. வெளியே மூன்று போக மற்றவை மெல்ல நிமிர்ந்தன. காலையில் பல் விளக்கிக்கொண்டே நான் தடவிக்கொடுப்பேன். நாளாக நாளாகத் தண்டு தடிப்பது விரலுக்கே தெரிந்தது. மழை பிடித்துக்கொண்டால் எங்களுக்கு முன்னால் சரோஜாக்கா ஓடிவந்து கப்புகளைக் கூரைக்கடியில் நகர்த்துவாள். "எதுக்கு இவ்ளோ செய்றா?" என்று அம்மா முணுமுணுப்பாள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவுக்கு அந்த மார்கழியில் எப்போதோ தாழ்ப்பாள் போடுவதை நிறுத்திவிட்டாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மாமா வந்து, ஒரு இலையைக் கிள்ளி மென்று பார்த்துவிட்டு, எடுத்துப் போகலாம் என்றார். அம்மா முதல் பறிப்பில் ஒரு தட்டு நிறைய வைத்து என்னிடம் நீட்டினாள். "சரோஜாகிட்ட குடு. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்னு சொல்லு."

அப்படியே போய்ச் சொன்னேன். சரோஜாக்கா தட்டை வாங்கவில்லை. சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கம்மா தப்பா நெனைக்கல பாப்பா. எங்க ரெண்டு பேர்ல யாரு மெதுவா தைக்கிறதுன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. நான் உங்கம்மா பேர சொல்லிட்டேன். எங்க வூட்டுக்காரு அப்போ வேலைக்குப் போவாம கெடந்தாரு. சொல்றதுன்னா போய் சொல்லிடு."

தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்தேன். "என்ன சொன்னா?" என்று கேட்டாள் அம்மா. "ருசியா இருக்குன்னு சொன்னா" என்றேன். அம்மா சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் போர்ஷன்கள் இப்போது இல்லை. இடித்துவிட்டு நாலு மாடி கட்டியிருக்கிறார்கள். அம்மாவின் கீரை இரண்டு குளிர்காலம் ஓட்டலுக்குப் போனது, மாமா வேலை மாறியதும் நின்றுபோனது. இன்று பெருங்களத்தூர் சூப்பர் மார்க்கெட்டில் எந்த மாதமும் அது டப்பாவில் கிடைக்கிறது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகள் வீட்டில் இருக்கும் சரோஜாக்காவோடு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா போனில் ஒரு மணிநேரம் பேசுகிறாள். பால்காரரிலிருந்து மாப்பிள்ளை வரைக்கும் எல்லோரையும் சந்தேகப்படுகிறவளுக்குச் சரோஜாக்காவிடம் மட்டும் அந்தச் சந்தேகம் அற்றுப்போய்விட்டது. போனை வைத்ததும், "அவளைப் போய் அப்படி நெனச்சேனே" என்று தன்னையே திட்டிக்கொள்வாள். எனக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்து எழுந்துவிடுவேன்.

போன வாரம் அம்மா விடவில்லை. "நீ ஏண்டி சரோஜாகிட்ட மட்டும் மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கிற?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று தட்டை வைத்துவிட்டு வந்து சொன்ன அதே குரலில், "அப்டியெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன்.