சோபாவில் வெயில் பதித்த ரோஜாக்கள்

கள்ளக்குறிச்சியில் வீடு கட்டியபோது ஹாலில் மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான். மழை ஓய்ந்த நாட்களில் அந்த ஜன்னலில் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். மத்தியான வெயில் தாங்காது என்று மேஸ்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். என் காதில் ஏறவில்லை.

பங்குச் சாமியார் வந்து ஜெபம் செய்து புது வீட்டை மந்திரித்த அன்று என் கணவரின் அக்கா ஒரு சோபா வாங்கிக் கொடுத்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நைனார்பாளையத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டு, தன்னந்தனியாக நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். கொடுப்பதில் கை பெரிது, கோபமும் பெரிது. முன்பு அவர் கொடுத்த குக்கரின் கைப்பிடி ஆடியதைப் பார்த்துவிட்டு, தம்பியிடம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது வந்திருப்பதோ அரக்கு நிற வெல்வெட். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை விட்டால் அதைப் போட வேறு இடமும் இல்லை. முதல் கோடையிலேயே, வெயிலில் அது வெளுத்துவிட்டால் அண்ணிக்கு என்ன சொல்வது என்ற கவலை தொடங்கிவிட்டது.

என் கணவர் ஆபீஸ் வேலைக்குப் போனாலும் புத்தி வயலிலேதான் மேயும். ஒருநாள் உரக்கடையிலிருந்து பச்சை நிழல்வலையை வாங்கிவந்து ஜன்னலில் ஆணி அடித்துக் கட்டினார். கத்தரி நாற்றங்காலுக்குப் பந்தல் போடுவார்களே, அதே வலை. நாற்றே வாடாதபோது சோபா எப்படி வெளுக்கும் என்பது அவர் கணக்கு. மலை காணாமல் போனது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பாசி பிடித்த மாதிரி தெரிந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதை நானே பிடுங்கி எறிந்தேன். இந்த ஓட்டை வலை எந்த வெயிலைத் தடுக்கும் என்று அவரைக் கேலி செய்து, சோபாவை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சவால் விட்டேன்.

கான்வென்டில் படித்தபோது கற்றுக்கொண்ட, கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷா எனக்குக் கைவந்த கலை. வெள்ளை நூலில் பெரிய பெரிய ரோஜாக்களாகப் பின்னி, சாய்மானத்துக்கும் இருக்கைக்கும் சேர்த்து உறை போட்டேன். தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு வந்த பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அதன்மேல் யாரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். பங்குச் சாமியாரையே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம் என்றால் பாருங்களேன்.

அண்ணி டவுனுக்கு வரும்போதெல்லாம் ஷேர் ஆட்டோவில் வந்து எங்களை எட்டிப் பார்ப்பார். சோபாவைத் தள்ளி நின்று பார்த்து, நல்லா வைத்திருக்கிறாய் என்று என்னை மெச்சுவார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடிப்பார், குடித்த கையோடு எழுந்துவிடுவார். அவர் மெச்சியதில் எனக்கு உச்சி குளிர்ந்து கிடக்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு வீட்டை ஒழிக்கும்போது, உறையைத் துவைக்கலாம் என்று உருவினேன். உருவிய உறை கையிலேயே நின்றுவிட்டது. சோபாவில் ரோஜாக்கள் அப்படியே இருந்தன. நூல் மறைத்த இடமெல்லாம் பழைய அரக்கு நிறம், நூலுக்கு இடையே ஓட்டை இருந்த இடமெல்லாம் வெளிறிய இளஞ்சிவப்பு. இதழ், காம்பு, ஓரத்துச் சங்கிலிப் பின்னல் என்று ஒன்றுகூட விடாமல் வெயில் என் கைவேலையை நகல் எடுத்து வைத்திருந்தது. வலையில் ஓட்டை என்று அவரைக் கேலி செய்தவள், அதைவிடப் பெரிய ஓட்டைகளை நாள் கணக்கில் உட்கார்ந்து பின்னியிருக்கிறேன். என் கணவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அண்ணி வரப்போகிறார் என்பது நினைவுக்கு வந்ததும் அந்தச் சந்தோஷமும் போய்விட்டது. இருக்கை மெத்தைகளைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றினோம். சாய்மானத்தை எங்கே திருப்புவது? என் கணவர் செருப்புக்குப் போடும் பாலிஷை ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தார். அந்த மூலை மாட்டுத்தோல் மாதிரி ஆனதுதான் மிச்சம். துவைத்த உறையும் காய்ந்தபாடில்லை. கடைசியில் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடினோம்.

அண்ணி ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கோடு வந்தார். பெட்ஷீட் கோணலாகத் தொங்கியது அவர் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். சரிசெய்கிறேன் என்று ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அது மொத்தமாக வழுக்கிக் கீழே விழுந்தது.

அண்ணி ரோஜாக்களின் மேல் கையை ஓட்டிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெயிலு உக்காந்த அளவுக்குக்கூட இதுல நான் உக்காரலியேம்மா," என்றார்.

என் கணவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி கையமர்த்தினார்.

"எனக்கு முட்டி வலிடா தம்பி. அந்தக் கடையில ஒவ்வொண்ணா உக்காந்து பாத்து, வலிக்காத எந்திரிக்க முடியுதேன்னுதான் இத எடுத்தேன். தம்பி வூட்டுக்கு வந்தா செத்த நேரம் சாஞ்சிகினு கதை பேசலாம்னு. நீங்க பூவெல்லாம் பின்னி மூடிப்புட்டீங்க. நான் எங்க உக்கார்றது?"

அவர் கையைப் பிடித்து உட்காருங்கள் அண்ணி என்றேன். அவர் புடவையை ஒதுக்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார். முதல் டீ முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது, பக்கத்து நிலத்துக்காரரின் பொண்ணு ஓடிப்போய்த் திரும்பி வந்தது, என் கணவர் சின்ன வயதில் கிணற்றில் குதிக்க பயந்து அழுதது என்று எல்லாம் வந்தன. எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்துப்போனது. அவருக்கு இவ்வளவு பேச்சு வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

டீயைக் குடித்ததும் அவர் கிளம்பிவிடுவதைப் பார்த்து, அண்ணிக்கு எப்போதும் நிலத்தின் மேல்தான் ஞாபகம் என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு. அன்றைக்கு அவர் நைனார்பாளையத்துக் கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டார்.