செவ்வாய்க்கிழமை திறக்காத ரேடியோ

அந்த ரேடியோப் பெட்டியை முதன்முதலில் பார்ப்பவர்கள் சாமி மாடம் என்றுதான் நினைப்பார்கள். பலாப் பலகை, இரட்டைக் கதவு, பித்தளைக் கொண்டி. இழைத்தவள் என் அண்ணன் மனைவி. எனக்கு மதினி; நான் அவளுக்கு நாத்தனார். யுத்தத்துக்குப் போன அண்ணன், சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனபின் என்ன ஆனான் என்றே தெரியாதிருந்த காலம் அது. பிடிபட்ட சிப்பாய்களைச் சில சாயங்காலங்களில் அங்குள்ள வானொலியில் பேச விடுகிறார்கள் என்று போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர்; எங்களுக்கு நெடுநாள் பழக்கம். அந்த நிலையத்தைக் கேட்டால் போலீஸ் வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாராம். அன்றிலிருந்து மதினிக்கு ஒரே நினைப்பு. அந்தக் குரலைத் தன் காதால் கேட்டுவிட வேண்டும்.

விலைக்கு வாங்க வக்கேது? அனுமந்தன்பட்டியில் ஊரார் சேர்ந்து போட்ட பொதுப் பட்டறை ஒன்று இருந்தது. உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் பொது. யாரும் போய்த் தனக்கு வேண்டிய கட்டிலையோ நாற்காலியையோ செய்துகொள்ளலாம். கைத்தொழில் வாத்தியார் ஒருவர் பழைய வால்வுகளை வைத்து அங்கே ரேடியோவும் பூட்டுவார். மதினி போய் உட்கார்ந்ததும் ஊர் வாய் சும்மா இருக்குமா? "பொம்பளைக ரம்பம் பிடிச்சா மழை பெய்யுமாப்பா" என்றார்கள். அவள் காதிலேயே வாங்கவில்லை. வாத்தியார் சொல்லச் சொல்லக் குழாயில் செம்புக் கம்பியைச் சுற்றுவாள். ஒரு சுற்று மற்றொன்றின் மேல் ஏறிவிட்டால் அத்தனையையும் பிரித்து மறுபடி சுற்றுவாள். நான் பக்கத்தில் பலகைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டு, கை காய்த்துப்போச்சென்று முணுமுணுப்பேன்.

வேலை முடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பேட்டரியை இணைக்கப் போன நேரத்தில் ஆத்தா குறுக்கே வந்து நின்றாள். செவ்வாயன்று புது மண்வெட்டியைக்கூட நாங்கள் மண்ணில் வைக்க மாட்டோம்.

"எம்புள்ள குரலச் செவ்வாக்கெழமையிலயா கேக்கணும்? ஒரு நாளு பொறு தாயி. நாளைக்குத் தேங்கா ஒடைச்சுத் தொறப்போம்."

மதினி பேட்டரியைப் பார்த்தாள், ஆத்தாவைப் பார்த்தாள், சரி என்றாள். ஆத்தாவுக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன? மகனுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடுமோ என்ற பயம்.

புதன்கிழமை காலையில் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் திறந்தோம். ஹெட்போனில் எங்கிருந்தோ ஒரு பாட்டு கேட்டது. ஆள் மாற்றி ஆள் வாங்கிக் காதில் வைத்துச் சிரித்தோம். அந்த நேரம் பார்த்துப் போடிக்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"நேத்துச் சாயங்காலம் கேட்டீகளா? அவுகளே பேசுனாகம்மா! சொகமா இருக்காகளாம். வீட்டுல பல்லுவலி தேவலையான்னு கேட்டாக."

அண்ணன் கிளம்பிய அன்று மதினி வீங்கிய கன்னத்தோடுதான் வழியனுப்பினாள். ஆக, பேசியது அண்ணனேதான். ஆத்தா கீழே உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். மதினி அழவில்லை.

"அவுக சொன்ன மாதிரியே இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார்.

"இப்பிடி இழுத்துப் பேச மாட்டாக. இன்னொருக்கா."

அந்த மனுஷரால் முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம்கூட மதினி ஹெட்போனை விட்டு நகரவில்லை. அண்ணன் மறுபடி பேசவில்லை. யுத்தம் முடிந்தும் வரவில்லை. ஆத்தாவை அவள் ஒரு சொல் சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆத்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாள் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

இப்போது என் மகன் துபாயிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புகிறான். போன வாரம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மதினி சொன்னாள்:

"மொகம் கண்ணுக்குள்ளயே நிக்குதுத்தா. குரல்தான் போயிருச்சு. ஒங்க அண்ணன் எப்பிடிப் பேசுவாக? நீயாவது சொல்லு."

கேசட்டை நிறுத்திவிட்டு யோசித்தேன். நெடுநேரம் யோசித்தேன். எனக்கும் வரவில்லை.