மழைக்காசும் ஒரு துணைக்காலும்

ஜூன் பதினாறாம் திகதி, திங்கட்கிழமை, பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடம். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்கு என் ஞாபகசக்தி காரணமில்லை. பணம் கட்டியவுடன் அம்மாவின் போனுக்கு வந்த குறுஞ்செய்தியில் அப்படித்தான் இருந்தது. 'ரூபாய் 5,550 பெறப்பட்டது. நன்றி.'

அந்தப் பணம் அம்மா பட்ட கடனுக்கு உரியதல்ல.

வாரந்தோறும் எழுதும் இந்தப் பத்தியில் நான் குரலை உயர்த்துவதே இல்லை என்று சில வாசகர்கள் எழுதுவதுண்டு. இந்த வாரம் அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மழைக்காசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் என் அம்மா பால் வெட்டுகிறார். விடியற்காலையில் மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். நனைந்த பட்டையில் கத்தி வைக்க முடியாது. வெட்டு இல்லாத நாளில் பேர் இல்லை. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். எங்கள் பக்கத்து மழையோ... யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

ஆகவே இரண்டரை வருடங்களாக அம்மா ஒரு தொகை சேர்த்து வருகிறார். ஞாயிறு வேலையின் கைக்காசு, சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலுக்குக் கிடைக்கும் சில்லறை — எல்லாம் அதற்குள் போகும். அதற்கு அவர் வைத்த பெயர்தான் மழைக்காசு. விதியும் அவருடையதே. மூன்று நாள் தொடர்ந்து வெட்டு நின்றால் மட்டுமே தொடலாம். தீபாவளிக்குக் கூடாது. என் பல்கலைக்கழக போர்டிங் வாடகைக்கும் கூடாது. ஒருமுறை இலக்கண நூலொன்று வாங்க அதிலிருந்து கேட்டேன். "புத்தகத்துல மழை பெய்யுதா?" என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது.

பெரும்பகுதி தபாலகப் புத்தகத்தில் இருக்கிறது. அவசரத்துக்கென்று ஆறாயிரம் ரூபாய் அரிசி வாளிக்குள் இருந்தது. ஆம், இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பார்வதி அக்காவின் வீட்டு வாசலில் பாய் விரித்து ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த நான் பின்னால் நின்றேன். ஐவரும் ஒரு குழு. கடன் கம்பனியிலிருந்து ஓர் இளைஞர் வாரந்தோறும் மோட்டார் சைக்கிளில் வருவார். குழுவின் முழுத் தவணையும் சேரும்வரை யாரும் எழும்பக் கூடாது. அம்மாவின் கடன் வாரம் தவறாமல் கட்டப்படுகிறது. இந்த வாரத்தோடு மூன்று வாரமாகக் கட்டாதவர் ராணி அக்கா; முந்திய இரண்டு தடவையும் அவகாசம் கொடுத்திருந்தார்கள். வாரம் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.

"ராணி, ஒன்னால எங்க இடுப்பு ஒடையுதுடி," என்றார் பார்வதி அக்கா. "கடன் வாங்கி என்ன, டீவியா வாங்கின?"

"தகரம் வாங்குனேன்க்கா," என்றார் ராணி அக்கா, பாயைப் பார்த்தபடி. "புள்ளைங்க மேல ஒழுகுச்சு. இப்ப மழையில ஒழுகல. மழையில வெட்டும் இல்ல."

யாரும் அதற்குப் பிறகு டீவியைப் பற்றிப் பேசவில்லை. லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். ஒழுகினால் மட்டும் ராணி அக்காவுக்குச் சொந்தம்.

"இன்னைக்கு கலெக்ஷன் புல்லா போகணும்க்கா," என்றார் அந்த இளைஞர். டவுன் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசுவார். "இல்லாட்டி என் சம்பளத்துல வெட்டுவாங்க."

"அப்ப நீங்களும் எங்க குரூப்தான் சேர்," என்றார் பார்வதி அக்கா. "சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க. பாயில எடம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"பாக்கியம் அக்கா, ஒங்ககிட்ட சேமிப்பு இருக்குதானே? போர்ம்லயே போட்டிருக்கீங்க."

என் கோபம் அங்கேதான் தொடங்கியது. கடன் எடுக்கும்போது படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: சேமிப்பு உண்டா? அம்மா உண்மையைச் சொன்னார். பெருமையாகவே சொன்னார். அந்த உண்மையைப் பத்திரமாக வைத்திருந்து, இரண்டு வருடம் கழித்து அதன் கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா எழுந்து வீட்டுக்குப் போனார். அரிசி வாளியை அவர் திறந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான்கு இருபதுக்குக் குறுஞ்செய்தி வந்தது.

கம்பனி கொடுத்த தவணை அட்டையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் படியுங்கள். எங்களுக்காகத் தமிழில் அறிவுரை அச்சிட்டிருக்கிறார்கள். 'மூன்று மாதச் செலவை அவசரத் தேவைக்குச் சேமித்து வையுங்கள்.' யாருடைய அவசரத்துக்கு என்று எழுதவில்லை. அதற்குக் கீழே, 'கடன் சுவையைக் குறையுங்கள்.' சுமை என்றுதான் எழுத நினைத்திருப்பார்கள். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், அந்தச் சுவையை அறிந்தவர்கள் யார் — தகரம் வாங்கிய ராணி அக்காவா, வாரந்தோறும் வசூலிக்க வருபவர்களா?

எங்களுக்குச் சேமிக்கத் தெரியாதென்று சொல்பவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தெரியாமலா ஒட்டுப்பால் சில்லறை தபாலகப் புத்தகமானது? சேமிக்காதவரைக் குறை சொல்கிறார்கள். சேமித்தவரிடம் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். இதில் பாடம் கற்க வேண்டியவர் யார்?

அந்த இளைஞர் போகும்போது ஐந்து படிவங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். ராணி அக்காவின் பேரில் புதிதாக ஒரு பெரிய கடன். அதில் பழையதைக் கழித்துவிடலாம். ராணி அக்காவும் மற்ற நால்வரும் ஆளுக்கொன்றில் கையெழுத்துப் போட்டால் போதும். நாளைக் காலை ஏழரைக்கு வந்து வாங்கிக்கொள்வாராம்.

படிவம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அம்மா சிங்களம் சரளமாகப் பேசுவார். ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. விளக்கேற்றும் நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து நான் வரி வரியாக வாசித்துச் சொன்னேன். கடைசி வரியில் நிறுத்தினேன்.

"இங்க நீங்க ராணி அக்காவுக்கு எப நிக்கிறீங்கன்னு இருக்கு. அவங்க கட்டாட்டி முழுசும் நீங்க கட்டணும்."

"போன தடவையும் அதத்தானே சொன்னாரு. கூட்டாளிக்கு எப நிக்கிறது, ஒண்ணும் இல்லேன்னாரு."

சிங்களத்தில் பிணைக்கு 'எப' என்பார்கள். வேண்டாம் என்பதற்கு 'எபா'. அவர்களுடைய எழுத்தில் இரண்டும் வேறுவேறாகத் தொடங்குகின்றன, ஒலியும் வேறு. தமிழில் எழுதினால் இடையில் இருப்பது ஒரே ஒரு துணைக்கால்.

வரக்காப்பொலச் சந்தையில் கருவாட்டுக்காரரிடம் ஒரே மூச்சில் பத்து எபா சொல்லக்கூடியவர் என் அம்மா. இங்கே மட்டும் ஏன் அந்தச் சொல் வரவில்லை? கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"ஒனக்கென்ன, நீ கெம்பஸுக்குப் போயிருவ," என்றார். "நாங்க அஞ்சு பேரும் ஒரே பீலியில தண்ணி புடிக்கிறவங்க. நான் எபான்னுட்டு, காலையில குடத்தோட அவ மூஞ்சிய எப்பிடிப் பாக்குறது?"

அந்தக் கம்பனிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவர்கள் பிணையாக எடுத்துக்கொண்டது எங்கள் நிலத்தையல்ல, நகையையல்ல. ஒரே குழாயடியில் நிற்பவர்களின் முகத்தை. ஐந்து பெண்களின் வெட்கத்துக்கு வட்டி போட முடியும் என்று கண்டுபிடித்தவர் நிச்சயமாகப் படித்தவராகத்தான் இருப்பார்.

பிறகு அம்மா திடீரென்று எழுந்து ராணி அக்காவின் வீட்டுக்கு நடந்தார். நானும் போனேன். புதுத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் இருவரும் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"ராணி, இந்தப் புது லோன் ஒனக்கு வேணுமா?"

ராணி அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "வேணாக்கா. இத வாங்கினா ரெண்டு வருசம் இழுக்கும். நீங்க எல்லாம் மாட்டிக்கிறீங்களேன்னுதான் தலையாட்டினேன்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"யாருக்கா கேட்டா?"

அம்மா ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்த அஞ்சாயிரத்தி ஐநூத்தி அம்பது எனக்குத் தர்றது. வாரத்துக்கு எரநூறுனாலும் பரவால்ல. வெட்டு இல்லாத வாரம் தராத," என்றார். வட்டி இல்லை, படிவம் இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு நிமிடம். வாசலுக்கு வந்ததும் திரும்பி, "தந்திரு, என்ன. அது மழைக்காசு," என்றார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பழைய கடன் அப்படியே இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமையும் பாய் விரிக்கத்தான் வேண்டும். வாளிக்குள் மிஞ்சியிருப்பது நானூற்று ஐம்பது ரூபாய்.

மறுநாள் காலையும் மழை. வெட்டு இல்லை. ஏழரைக்கு அந்த இளைஞர் வந்தபோது ஐவரும் வாசலில் நின்றார்கள். அம்மா பேனாவை என்னிடம் நீட்டினார். "நீயே எழுதும்மா. அவங்க எழுத்துலயே எழுது."

பிணையாளர் கையெழுத்திட வேண்டிய கோட்டின் மேல், சிங்களத்தில், உருண்டையாக, நிறுத்தி எழுதினேன்: எபா. கீழே அம்மா தமிழில் தன் பெயரை எழுதினார்.

"தங்கச்சி, இப்பிடி எழுதக் கூடாது," என்றார் அவர்.

"எழுத்துப் பிழை இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கும் அதே மாதிரி ஒண்ணு," என்று பார்வதி அக்கா தன் படிவத்தை நீட்டினார். பிறகு மற்ற இருவர். கடைசியாக ராணி அக்கா.

மை காயும்வரை ஐந்து தாள்களையும் என் குடைக்குள் வைத்திருந்து, பிறகுதான் அவரிடம் கொடுத்தேன்.