பாறை ஓரத்தில் நின்ற பிள்ளை

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில், பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பிரிவுப் பெண்களுக்குக் கதை வாசிப்பது என் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. கதையும் உள்ளூர்க் கதை கிடையாது. ஜப்பான் நாட்டுப் புராணங்களை வைத்து இளவட்டங்களுக்காக எழுதிய மாயக்கதை. போனில் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன்.

கதாநாயகிக்குப் பதினாறு வயது. அவள் தங்கையை நீள மூக்கு மலைப்பூதம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மனிதர் பாஷை பேசும் வெள்ளை நரி ஒன்றைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தேடிப் போகிறாள். நரி என்றதும் முதலில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். சோற்று உருண்டைக்குள் ஊறுகாய் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தாள் என்று வாசித்த பிறகு அவள் நம்ம வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டாள்.

பாதிக் கதையில் எனக்குத் தைராய்டு ஆபரேஷன். அவள் அப்போது பாறை ஓரத்தில் நிற்கிறாள். பின்னால் பூதம், முன்னால் பள்ளம். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தால் எனக்குக் குரல் இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். வாய் ஓயாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். ஆடிப்போய்விட்டேன்.

எங்களில் மூத்த அக்காவுக்கு ஊர் வன்னியம்பட்டி. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரத்தில் எனக்காக எழுந்து நின்றவர், என்னை மறந்துவிட்டார். "ஒரு பொம்பளப்பிள்ள தங்கச்சியத் தேடிப் போயி, மலமேல பாறை ஓரத்துல நிக்கா. பெத்தவுக யாரும் கூட இல்ல. ஜெபிச்சுக்கிடுங்க" என்றிருக்கிறார். சபையே கண்ணீர் விட்டு ஜெபித்திருக்கிறது. அடுத்த வாரம் பாஸ்டரம்மா, போலீசில் சொல்லியாச்சா என்று விசாரித்தபோதுதான் அக்காவுக்கு உறைத்ததாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு என்னைப் பார்க்க டவுன் பஸ்ஸில் வந்தவர், அவராகவே இதைச் சொன்னார். கழுத்துத் தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன். "எனக்கு ஆபரேஷன், ஜெபம் அவளுக்கா?" என்று காற்றுக் குரலில் கேட்டேன்.

"ஏட்டி, ஒனக்கு டாக்டரு இருக்காக. அந்தப் பிள்ளைக்கு நீ வாசிச்சாத்தான வழி?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். குரல் போய்விட்டதே என்று என்னை நினைத்தே அழுதுகொண்டிருந்தவளுக்கு, திரும்பிப் போக ஓர் இடம் இருப்பதை அதுதான் சொன்னது.

ஆனாலும் வேலைக்குத் திரும்பிய அன்று குரல் கிசுகிசுப்பாகத்தான் இருந்தது. மதிய மணி அடித்ததும் போனை எடுக்காமல் டிபன் பாக்ஸைத் திறந்தேன். அக்கா எழுந்துபோய், இரைந்துகொண்டிருந்த ஃபேன்களை ஒவ்வொன்றாக அணைத்தார். சித்திரை வெயில், மேலே தகரக் கூரை. ஒருத்தியும் முனகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு முட்டியோடு முட்டி இடிக்க என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

போனை எடுத்தேன். முதல் வரியிலேயே குரல் உடைந்தது. நிறுத்திவிட்டேன்.

"மெதுவா வாசி. அவ அங்கனதான் நிக்கா" என்றார் அக்கா.

அன்று அவளைப் பாறையிலிருந்து இறக்கிவிட்ட பிறகுதான் எல்லாரும் சாப்பாட்டில் கை வைத்தோம்.