பிள்ளையாருக்கு அடியில் சந்தனம்

ஜெர்மனியில் ஒரு விமான நிலையச் சுங்கத்தில் பயணப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒரு கல்லின் கதையைத்தான்.

கோடை விடுமுறை முடிகிற நேரம். பீலெஃபெல்ட் நகரில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினார்கள். எக்ஸ்ரேயில், பெட்டிக்குள் தேங்காய் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. திறந்தால், பட்டுத் துணிக்குள் சந்தனமும் திருநீறும் அப்பிய கல்.

"எங்கட சாமியறைப் பிள்ளையார், தங்கச்சி. எங்க போனாலும் கொண்டுபோறனாங்கள்," என்றார் அந்த அண்ணை. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னோடு வேலை செய்யும் யுர்கன் கையுறையைக் கழற்றிவிட்டான். வழிபாட்டுப் பொருள், விட்டுவிடலாம் என்பது அவன் எண்ணம். எனக்கு மனம் ஒப்பவில்லை. சுற்றுலாவுக்குப் பிள்ளையாரைக் கூட்டிக்கொண்டு போகிற சனத்தை நான் கண்டதில்லை. கல்லைப் புரட்டினேன். அடியிலும் தடிப்பாகச் சந்தனம். பிள்ளையாருக்கு அடியில் யார் சந்தனம் பூசுவார்கள்?

"எங்கயண்ணை சுத்திப் பாத்தனீங்கள்?"

"பாலைவனத்தில ஒரு தேசியப் பூங்கா. மரமெல்லாம் கல்லாப் போய்க் கிடக்குது."

புதைபடிவங்களுக்குப் பேர்போன இடம். அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்து வந்து இங்கே பிடிபட்டால் வழக்கு.

நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்ட யுர்கன் கிட்டே வந்து, "இவர்களை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அதன்பிறகு அவன் கல்லைவிட என்னையே அதிகம் பார்த்தான். எனக்குச் சுருக்கென்றது. விட்டால் இவன் சந்தேகப்படுவான். பிடித்தால், இங்குள்ள எங்கள் தமிழர்கள் கூடும் ஊன்ட்றொப் கோயில் தேரன்று சனம் என்னைக் காட்டிக் கதைக்கும்.

அண்ணைக்கு வியர்த்துக் கொட்டியது. "தங்கச்சி, அடுத்த கிழமை குடியுரிமைக்கு டெர்மின், நாள் குறிச்சுத் தந்திருக்கினம். வழக்கெண்டு வந்தால் எல்லாம் போச்சு."

சாமி என்று சொன்ன கல்லைத் தேய்த்துக் கழுவ எனக்குக் கை வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்து வைத்தேன்.

"உங்கட பிள்ளையாருக்கு நீங்களே அபிஷேகம் செய்யுங்கோ அண்ணை."

தயங்கித் தயங்கி ஊற்றினார். சந்தனம் கரைந்து வழிய, சிவப்பும் மஞ்சளுமாகக் கல்மரத்தின் வளையங்கள் தெரிந்தன. பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் அடிப்பக்கம் மட்டமாக வெட்டி மெருகேற்றியிருந்தது. அதில் ஒரு கடையின் பெயரும், பூங்காவுக்கு வெளியே தனியார் நிலத்தில் எடுத்தது என்ற வரியும் செதுக்கப்பட்டிருந்தன. யுர்கன் இணையத்தில் தேடினான். கடை உண்மையானது. அதே செதுக்கலோடு அங்கே வரிசையாகக் கற்கள் விற்பனைக்கு இருந்தன.

"காசு குடுத்து வாங்கின கல்லை ஏனண்ணை மறைச்சனீங்கள்?"

"பூங்கா முழுக்க எடுக்காதே எண்டு பலகை. வாங்கினது எண்டு சொன்னால், அந்த எழுத்தை மட்டும் பாத்து எங்களை ஆர் நம்புவினம்?"

ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே போயிருப்பார். பொய்யை நான் சரியாகத்தான் பிடித்தேன். ஆனால் பொய்க்குப் பின்னால் களவுதான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டேன். இப்போதும் சந்தேகப்படுகிறேன். கூடவே, இந்த ஆள் எதற்குப் பயப்படுகிறார் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணை கைக்குட்டையால் கல்லைத் துடைத்து, "ஷோகேஸில வைச்சால் வடிவாயிருக்கும்," என்றார்.

அதுவரை தரையையே பார்த்து நின்ற மனைவி கல்லை வாங்கிப் பட்டுத் துணியில் சுற்றினார்.

"அபிஷேகம் செய்தாச்சு. இனி இது சாமியறைக்குத்தான். நாளையில இருந்து நீங்கள்தான் பூசை."