லெஸ் நர்ஸிடம் சொன்ன பொய்

லெஸ் டிரான்டர் செம்மறி ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன். பிரிஸ்பேனில் அவன் நெஞ்சுக்குள் ஒரு மெஷினை வைத்து அனுப்பினார்கள். இதயம் தறிகெட்டு ஓடினால் ஷாக் கொடுத்து நிறுத்துமாம். ஊர் திரும்பிய புதிதில், பெண்டாட்டி கார்மெலோடு படுக்கையில் இருந்தபோது அது ஷாக் கொடுத்துவிட்டது. அவளுக்கும் சுருக்கென்றதாம்.

இதை எவனாவது வெளியே சொல்வானா? இந்த மடையன் நான் நடத்துகிற பப்புக்கு வந்து, ரெண்டு பீர் உள்ளே போனதும் நடித்தே காட்டினான். ஆம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பப்பில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் சீட்டுக் குலுக்கலில் இறைச்சித் தட்டு பரிசு. வேண்டுமென்றே கார்மெல் பெயரைக் கூப்பிட்டு, கறிக்குப் பதில் கரண்ட்காரன் போடுகிற ரப்பர் கையுறையைக் கொடுத்தார்கள்.

"போட்டுக்கிட்டுப் படு கார்மெல், இல்லன்னா தீஞ்சு போயிடுவே!"

லெஸ்ஸும் சேர்ந்து சிரித்தான். அவள் தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

மெஷினைச் சோதிக்க வெளியூரிலிருந்து நர்ஸ் வந்தாள். ஊர்க் கூடத்தில் ஒரு துணித் திரைதான் மறைப்பு. அந்தப் பக்கம் ஊரே உட்கார்ந்திருந்தது.

"ஷாக் அடிச்சப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"விறகு வெட்டினேன்."

பப்பில் கூசாத வாய்க்கு அங்கே வெட்கம் வந்துவிட்டது, பாருங்கள்! "அப்ப கொஞ்ச நாள் கோடாலியத் தொடாதீங்க" என்று சொல்லி அவள் போய்விட்டாள். அவன் தொடாமல் விட்டது கார்மெலை. தனி அறையில் படுத்தான்.

"நர்ஸ்கிட்ட உண்மையச் சொல்லு லெஸ்" என்று அவள் கெஞ்சினாளாம். "என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்று கத்தினானாம். என்னிடம் சொல்லி அழுதாள்.

அடுத்த முறை வந்த நர்ஸிடம் நானே போட்டு உடைத்தேன்.

"அடக் கடவுளே! முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? வேகமாத் துடிச்சதும் மெஷின் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கும். டாக்டர்கிட்ட கேட்டு மெஷினோட அளவ மாத்திடலாம். மூச்சு வாங்காம மாடிப்படி ஏறுற மனுசன் தாராளமா பெண்டாட்டியோட இருக்கலாம். அவங்களுக்கும் ஒண்ணும் ஆகாது."

அன்றே டாக்டரைக் கேட்டு மாற்றியும் விட்டாள்.

லெஸ் நேராகப் பப்புக்கு ஓடிவந்தான். அவனைக் காரில் கூட்டிப்போகக் கார்மெல் அங்கே வந்திருந்தாள். "அடியே, சரி பண்ணிட்டாங்க! இன்னைக்கு இருக்கு உனக்கு!" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினான். ஆம்பளைகள் மேஜையைத் தட்டி ஊளையிட்டார்கள்.

கார்மெல் கார் சாவியை அவன் முன்னால் வைத்தாள்.

"இதையும் இவனுங்க முன்னாடிதான் சொல்லணுமா? நீயே ஓட்டிக்கிட்டுப் போ. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவே?"

"வரமாட்டேன் லெஸ். நீ தொட்டா எனக்கு இவனுங்க சிரிப்புதான் கேக்கும்."

சத்தம் அடங்கியது. லெஸ் மட்டும் சிரிக்கப் பார்த்தான்; வரவில்லை.